முதல் காசு மானிட்டருக்கு

திருவண்ணாமலையில் கல்யாணப் படம் எடுப்பவர்கள் பலர் இப்போது தனியாகக் கடை வைப்பதில்லை. முகூர்த்தம் முடிந்து வீடு திரும்பினால், மாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் ஸ்டூடியோ. செலக்‌ஷன், கலர் கரெக்‌ஷன், ஆல்பம் டிசைன் எல்லாம் அங்கேதான். அந்தக் கம்ப்யூட்டரையும் பெரும்பாலும் அசெம்பிள் செய்துதான் வாங்குகிறார்கள். பாகங்கள் வாங்க ஒரு பக்கம் சென்னை ரிச்சி தெரு, இன்னொரு பக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு. இரண்டுமே ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். கிளம்பும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும். நண்பர் எழுதிக் கொடுத்ததாக இருக்கும், அல்லது கேம் விளையாடும் தம்பி யூடியூப் பார்த்துச் சொன்னதாக இருக்கும்.

அப்படிப்பட்ட பட்டியல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே குறைதான். முதல் வரியில் பிராசஸர், அடுத்து கிராபிக்ஸ் கார்டு, கடைசி வரியில் மானிட்டர். அதுவும் மாடல் பெயர் இல்லாமல் ‘24 இஞ்ச்’ என்று மட்டும். நிறத்தைப் பார்த்துத் திருத்துவதே தொழில் என்னும்போது, பார்க்கும் கருவிக்கு மிச்சக் காசு போவது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வரிசைக்குப் பின்னால் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: “மானிட்டர் எதுவானாலும் படம் தெரியும். மிச்சத்தை லேபில் பார்த்துக்குவாங்க.”

லேபில் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் அனுப்பிய ஜேபெக்கில் என்ன இருக்கிறதோ அதுதான் பேப்பரில் ஏறும்.

இந்த ஊர்க் கல்யாணத்தில் என்ன நிறங்கள் வருகின்றன என்று யோசியுங்கள். ஆரணி நம் மாவட்டத்து ஊர். அந்த ஊர்ப் பட்டு இல்லாத கல்யாணம் இங்கே அபூர்வம். அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, எம்.எஸ். ப்ளூ. இதற்கு மேல் மணப்பெண்ணின் முகத்து மஞ்சள், நெற்றிக் குங்குமம், தாலிக் கயிறு. மண்டப மேடையில் எல்.இ.டி விளக்கின் ரோஸ் வெளிச்சம். மலிவான மானிட்டரில் சிவப்புப் புடவையை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கொசுவ மடிப்பு எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எல்லாம் ஒரே சிவப்புப் பூச்சாக நிற்கும். சிவப்புச் சேனலில் 240-க்கும் 255-க்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தை அந்தத் திரையால் காட்ட முடியவில்லை. படம் மந்தமாகத் தெரிகிறதே என்று சாச்சுரேஷனை இன்னும் கொஞ்சம் ஏற்றுவீர்கள். மிச்சமிருந்த மடிப்பும் அதோடு போய்விடும். ஆல்பம் வந்த பிறகுதான் பெண் வீட்டார், “புடவை இந்தக் கலரே இல்லையே” என்பார்கள்.

மானிட்டரில் பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது, ஐ.பி.எஸ் பேனல். பழைய டி.என். பேனலில் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே நிழல் வெளுக்கும். இரண்டாவது, எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியை முழுக்கக் காட்டுவது. பெட்டியிலோ விவரத்தாளிலோ ‘45 சதவீதம் என்.டி.எஸ்.சி’ என்று இருந்தால் அது எஸ்.ஆர்.ஜி.பி-யில் மூன்றில் இரண்டு பங்குகூட எட்டாது. அதைத் தொடவே வேண்டாம். மூன்றாவது, காலிபரேட் செய்யும் கருவி. டேட்டாகலர், காலிபிரைட் நிறுவனங்களின் சிறிய கருவிகள் கிடைக்கின்றன. ஒரே ஊரில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை ஆளுக்கு ஒரு நாள் வைத்துக்கொண்டாலே போதும்.

‘அடோபி ஆர்.ஜி.பி. மானிட்டர் வாங்கினால்தான் குங்குமச் சிவப்பு வரும்’ என்று ஒரு பேச்சும் இருக்கிறது. தவறு. சிவப்பின் எல்லை எஸ்.ஆர்.ஜி.பி-க்கும் அடோபி ஆர்.ஜி.பி-க்கும் ஒன்றேதான். அடோபி ஆர்.ஜி.பி. விரிவது பச்சையிலும் பச்சை கலந்த நீலத்திலும். அதாவது மயில் கழுத்துப் பக்கம். நம் லேப்கள் பெரும்பாலும் கேட்பது எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக்தான். காலிபரேட் செய்யாத அகல நிற மானிட்டரில் உட்கார்ந்து வேலை செய்தால் முகங்கள் வெயிலில் கருகியதுபோலத் தெரியும். அதைக் குறைக்கப் போய் ஆல்பத்தில் முகம் வெளிறிப்போகும். ஆகவே எஸ்.ஆர்.ஜி.பி. முழுமையாக, சீராக வருகிற திரையே முதல் தேவை.

அடிக்கடி கேட்கும் இன்னொரு புகார், “திரையில் பளிச்சுன்னு இருந்துச்சு, ஆல்பம் இருட்டா வந்திருக்கு” என்பது. பழி லேபின் மீது விழுகிறது. பெரும்பாலும் காரணம் மானிட்டரின் வெளிச்சம். கடையிலிருந்து வரும்போது அது 250, 300 நிட் அளவில் இருக்கும். அச்சுக்குப் போகும் படத்தை 100 முதல் 120 நிட்டில் வைத்துத் திருத்த வேண்டும். திரை அதிகமாக ஒளிர்ந்தால் நம் கை தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். மேற்கு ஜன்னல் வெயில் திரையில் விழும் அறையாக இருந்தால், மத்தியானம் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம். கனமான திரைச்சீலை ஒன்று போடுங்கள். இதைவிட மலிவான மேம்பாடு கம்ப்யூட்டரில் கிடையாது.

கருவி வாங்கும் வரை ஒரு சோதனை சொல்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை மாட்டியிருக்கும் ரமணர் படம், 1946-இல் வெல்லிங் எடுத்த அந்தத் தோள்வரைப் படம், இதற்கு மிகப் பொருத்தம். நெற்றியின் வெளிச்சத்திலிருந்து கன்னத்து நிழல் வரை சாம்பல் நிறம் மெல்ல மெல்ல இறங்கும். அந்தச் சாம்பலில் நீலமோ பச்சையோ ரோஸோ தட்டினால் அது மானிட்டரின் சாயம். இறங்குமிடத்தில் பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தால் அந்தப் பேனல் சாயல்களைக் காட்டத் திணறுகிறது. கலர் படத்தில் கண்ணை ஏமாற்றும் குறையைக் கறுப்பு வெள்ளை உடனே காட்டிக் கொடுக்கும்.

நம்பிக்கை: “ஐ-செவன் போட்டா எல்லாம் பறக்கும்.”

எந்தத் தலைமுறை ஐ-செவன்? ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர்கள் ‘ஐ-செவன், 16 ஜி.பி.’ என்று குறைந்த விலைக்கு வருகின்றன. பெரும்பாலும் 2013 வாக்கில் வந்த நாலாம் தலைமுறை. அந்த ஐ-செவன் 4770-இல் நாலு கோர், எட்டு த்ரெட். 2022 தொடக்கத்தில் வந்த ஐ-த்ரீ 12100-இலும் நாலு கோர், எட்டு த்ரெட். ஒரு கோரின் வேகத்தை மட்டும் எடுத்தால் பின்னதே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. போட்டோஷாப்பில் பிரஷ், ஹீலிங், லிக்விஃபை போன்ற வேலைகளுக்கு ஒரு கோரின் வேகமே அதிகம் உதவும். போதாக்குறைக்கு, நாலாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்களை வைத்திருக்கும் இயந்திரத்தில் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸை ஓட்டுவது சரியல்ல.

அதே சமயம் பதினாறு கோர், இருபத்து நாலு கோர் என்று போகவும் அவசியமில்லை. லைட்ரூமில் பிரிவியூ உருவாக்கும்போதும் மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யும்போதும் கோர்கள் உதவும், உண்மைதான். ஆனால் எக்ஸ்போர்ட் ஓடும்போது நீங்கள் சாப்பிடப் போய்விடலாம். ஸ்லைடரை இழுக்கும்போதும் அடுத்த படத்துக்குத் தாவும்போதும் காத்திருப்பதுதான் மனிதனைச் சோர்வடையச் செய்கிறது. ஆறு முதல் எட்டு கோர் கொண்ட, இப்போதைய தலைமுறை பிராசஸர் ஒன்று கல்யாண வேலைக்குத் தாராளம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் மின்னழுத்தம் எல்லை மீறி, சில்லே மெல்ல மெல்லக் கெடும் கோளாறு 2024-இல் உறுதியானது. இன்டெல் பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டுவிட்ட சில்லை அந்தத் திருத்தம் மீட்காது. பழைய பிராசஸர் வாங்கினால் வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: “ராம் இப்ப எட்டு போதும், அப்புறம் ஏத்திக்கலாம்.”

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆல்பத்தின் ஒரு ஷீட் 12-க்கு 36 அங்குலம். 300 டி.பி.ஐ-யில் அது 3,600-க்கு 10,800 பிக்சல். அதாவது கிட்டத்தட்ட 3 கோடியே 90 லட்சம் பிக்சல். எட்டு பிட் ஆர்.ஜி.பி-யில் ஷீட்டை நிறைக்கும் ஒரு லேயருக்கே சுமார் 117 எம்.பி. பின்னணி, நாலைந்து படங்கள், மாஸ்க், நிழல், எழுத்து, பின்னோக்கிப் போக ஹிஸ்டரி என்று சேர்ந்தால் ஒரே ஒரு ஷீட் பல ஜி.பி-யைத் தின்றுவிடும். பக்கத்தில் லைட்ரூம் திறந்திருக்கும், பிரவுசரில் பாட்டு ஓடும். ராம் தீர்ந்ததும் போட்டோஷாப் டிஸ்க்கை ஸ்க்ராட்ச்சாகப் பயன்படுத்தத் தொடங்கும். ‘கம்ப்யூட்டர் ஹேங் ஆகுது’ என்று நாம் சொல்வது பல நேரம் இதைத்தான்.

16 ஜி.பி. குறைந்தபட்சம், ஆல்பம் டிசைனும் செய்பவருக்கு 32. வாங்கும்போது ஒரே ஸ்டிக்காக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். இரண்டு சேனலும் வேலை செய்யும். ஆனால் டி.டி.ஆர்.5 போர்டுகளில் நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் பெரும்பாலும் வேகம் இறங்கும். ஆகவே ‘அப்புறம் இரண்டு போட்டுக்கலாம்’ என்ற திட்டம் முன்போல் பலிப்பதில்லை. 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியதை எல்லோரும் அறிவார்கள். அப்படியிருந்தும் என் கருத்து மாறவில்லை. கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கியாவது ராமைச் சரியாகப் போடுங்கள்.

நம்பிக்கை: “பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தாத்தான் போட்டோ எடிட்டிங்.” இதன் எதிர்ப்பக்கம்: “போட்டோவுக்கு கிராபிக்ஸ் கார்டே வேண்டாம்.”

இரண்டுமே ஒரு காலத்தில் ஓரளவு சரி. மாற்றம் வந்தது 2023 ஏப்ரலில். லைட்ரூமில் ஏ.ஐ. டீநாய்ஸ் வந்தது அந்த மாதம்தான். அது கிட்டத்தட்ட முழுக்கக் கிராபிக்ஸ் கார்டின் வேலை.

இந்த ஊரில் இதன் அருமை கார்த்திகை தீபத்தன்று தெரியும். 2,668 அடி உயர மலை உச்சியில் மாலை ஆறு மணிக்கு மகாதீபம் ஏற்றுகிறார்கள். வானத்தில் அந்தியின் நீலம் இன்னும் இருக்கும், கீழே ஊர் இருண்டிருக்கும். கூட்டத்தில் முக்காலி விரிக்க இடம் கிடைக்காது. கையில் பிடித்தே எடுக்க வேண்டும், ஐ.எஸ்.ஓ. 6400-க்கு மேலே போகும். ராஜகோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் இருக்கும் நிழல் பகுதியில் மணல் தூவியதுபோல் நாய்ஸ் வரும். அந்த ரா ஃபைலை டீநாய்ஸில் போட்டால், பிராசஸரோடு வரும் சிறிய கிராபிக்ஸில் ஒரு படத்துக்கே நிமிடக் கணக்கு. 8 ஜி.பி. நினைவகமுள்ள நடுத்தர ஆர்.டி.எக்ஸ். கார்டில் விநாடிக் கணக்கு. நூறு படம் இருந்தால் இந்த வித்தியாசம் ஓர் இரவு முழுக்க ஆகிவிடும்.

அதனால் நடுத்தரக் கார்டு ஒன்று போடுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் காசு கேமுக்கும் வீடியோவுக்கும்தான். ‘குவாட்ரோ போட்டால்தான் பத்து பிட் கலர்’ என்பதும் காலாவதியான சேதி. 2019 ஜூலையில் வந்த ஸ்டூடியோ டிரைவரிலிருந்து சாதாரண ஜீஃபோர்ஸ் கார்டிலேயே போட்டோஷாப்பில் பத்து பிட் கிடைக்கிறது. தீபம் எடுக்காத, மண்டப வெளிச்சத்தில் மட்டும் எடுப்பவர் கார்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். அப்படித் தள்ளிவைத்தால் பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, திரையில் எதுவுமே வராது.

நம்பிக்கை: “எஸ்.எஸ்.டி. எவ்வளவு வேகமோ எடிட்டிங் அவ்வளவு வேகம்.”

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி-க்கு மாறினால் மலைப்பான வித்தியாசம். லைட்ரூம் கேட்டலாகும் பிரிவியூக்களும் ஆயிரக்கணக்கான சிறு சிறு துண்டுகளாகப் படிக்கப்படுவதே காரணம். ஆனால் விநாடிக்கு 3,500 எம்.பி. படிக்கும் என்.வி.எம்.இ-க்கும் 7,000 எம்.பி. படிக்கும் என்.வி.எம்.இ-க்கும் இடையில் படத் திருத்தத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் மிகக் குறைவு. 28 எம்.பி. ரா ஃபைலைப் படிக்கும் நேரத்தைவிட அதை விரித்துப் படமாக்க பிராசஸர் எடுக்கும் நேரமே அதிகம். இங்கே மிச்சமாகும் காசை இன்னொரு டிஸ்க்கில் போடுங்கள். ஏன் என்றால், அடுத்த நம்பிக்கைதான் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது.

நம்பிக்கை: “டிஸ்க் போனாலும் டேட்டா ரெக்கவரி பண்ணிடலாம்.”

ஹார்ட் டிஸ்க்கில் தவறி அழித்ததைப் பல நேரம் மீட்க முடிந்தது. அதிலிருந்து வந்த தைரியம் இது. எஸ்.எஸ்.டி-யில் ட்ரிம் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஃபைலை அழித்த சிறிது நேரத்துக்குள் அந்த இடத்தையே உள்ளே துடைத்துவிடும். அதன் பிறகு எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. வேகத்துக்காக எல்லோரும் எஸ்.எஸ்.டி-க்கு மாறிவிட்டார்கள், பழைய தைரியம் மட்டும் மாறவில்லை.

ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமராவில் நாலாயிரம் படம் என்றால் ஏறக்குறைய 110 ஜி.பி. 1 டி.பி-யில் எட்டு, ஒன்பது கல்யாணம்தான் அடங்கும். இடம் தீர்ந்ததும் பழையதை அழிக்கும் அவசரத்தில்தான் விபத்து நடக்கிறது. முகூர்த்தம் ஒருமுறைதான். தாலி கட்டும் நேரத்தை மறுபடி எடுக்க முடியாது. எனவே பட்ஜெட்டிலேயே இதற்கு இடம் ஒதுக்குங்கள்: வேலை நடக்கும் எஸ்.எஸ்.டி., உள்ளேயே ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க், வேறொரு வீட்டில் வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். இரண்டு டிஸ்க்கை ரெய்டில் இணைப்பது பேக்கப் ஆகாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழிந்துவிடும். நீண்ட நாள் அலமாரியில் சும்மா வைக்க எஸ்.எஸ்.டி-யை நம்பாதீர்கள், மின்சாரம் இல்லாமல் ஆண்டுக் கணக்கில் கிடந்தால் அதில் இருப்பது மங்கக்கூடும். அந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்தான். இரண்டு காப்பி ஆகும் வரை கேமரா கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.

நம்பிக்கை: “கேபினட்டோட வர்ற எஸ்.எம்.பி.எஸ். போதும். வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கே.”

கேபினட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ்-இல் 450 வாட் என்று எழுதியிருக்கும். அந்த வாட்டைத் தொடர்ந்து கொடுக்கும் என்பதற்கு எந்தச் சான்றும் இருக்காது. ‘80 ப்ளஸ்’ சான்று பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ்-ஐத் தனியாக வாங்குங்கள். அது கெட்டுப்போனால் தான் மட்டும் போகாது, போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கரண்ட் போன பிறகு நல்ல எஸ்.எம்.பி.எஸ். தாங்குவது பதினைந்து, பதினாறு மில்லி விநாடிதான். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண மோடில் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஃபேன் நிற்காது, கம்ப்யூட்டர் அணைந்துவிடும். திறந்திருந்த கேட்டலாக் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. பல இன்வெர்ட்டர்களில் ‘யூ.பி.எஸ். மோடு’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டுப் பாருங்கள். தனி யூ.பி.எஸ். வாங்கினால் 600 வி.ஏ. என்பது பெரும்பாலும் 360 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது, எந்த நேரத்துக்காக வாங்கினோமோ அந்த நேரத்தில் சுமை தாங்காமல் அணைந்துவிடும். 1,000 வி.ஏ-க்குக் குறையாமல் வாங்குங்கள். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரையில் இங்கே 40 டிகிரி சாதாரணம். அதற்காகத் தண்ணீர் கூலர் தேவையில்லை. முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடிய அழகுக் கேபினட்டை விட்டுவிட்டு, வலை வைத்த கேபினட்டும் நல்ல ஏர் கூலரும் வாங்கி, மாதம் ஒருமுறை தூசியைத் தட்டினால் போதும். ஏ.சி. இல்லாத அறையிலும் ஓடும்.

நம்பிக்கை: “பில் இல்லாம வாங்கினா 18 சதவீதம் லாபம்.”

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவருக்கு அந்த 18 சதவீதம் உள்ளீட்டு வரவாகத் திரும்பக் கிடைக்கும். பதிவு இல்லாதவருக்கும் பில்தான் வாரண்டிக்கு ஆதாரம். இருநூறு கிலோமீட்டர் தாண்டி வாங்கிய சாமான் ஆறாம் மாதம் கெட்டுப்போனால், பில் இல்லாமல் யாரிடம் போய் நிற்பது? சீரியல் நம்பர் எழுதிய பில்லை வாங்கி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை இந்த வரிசையில் எழுதச் சொல்வேன். முதலில் மானிட்டரும் காலிபரேட்டரும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போனாலும் தகும், ஏனென்றால் நல்ல திரை இரண்டு பிராசஸரின் ஆயுளைத் தாண்டி இருக்கும். அடுத்து ராம், டிஸ்க்குகள், எஸ்.எம்.பி.எஸ். அதன் பிறகு பிராசஸர். கடைசியில் கிராபிக்ஸ் கார்டு. கடைக்குப் போகும்போது பென் டிரைவில் நீங்கள் எடுத்த சிவப்புப் பட்டுப் படம் ஒன்றும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும், பையில் அந்தப் பட்டுப் படத்தின் நல்ல பிரிண்ட் ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். மானிட்டரில் திறந்து, வெளிச்சத்தைக் குறைத்து, பிரிண்ட்டைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். அப்படிப் பார்க்க விடாத கடையில் மானிட்டர் வாங்க வேண்டாம்.